பன்றித் தீனியைப் பந்திக்குக் கொண்டுவந்தவர்

உருளைக்கிழங்கு வேண்டாம் என்று சொல்லும் குழந்தை உண்டா? பொரியல் செய்தாலும் தீரும். மசாலா செய்தாலும் தீரும். வறுவல் செய்தால், இலையில் விழும் முன்பே தீரும்.

ஆனால், இந்தக் கிழங்கைத் தொடவே மக்கள் பயந்த காலம் ஒன்று இருந்தது.

அது 18-ம் நூற்றாண்டு. நாடு, பிரான்ஸ்.

இதைத் தின்றால் தொழுநோய் வரும் என்று அந்த நாட்டின் சில பகுதிகளில் மக்கள் நம்பினார்கள். காய்ச்சல் வரும் என்றார்கள் சிலர். பன்றிக்குப் போடலாம், மனிதன் தின்னலாமா என்று முகம் சுளித்தார்கள் பலர். பசியால் வாடியவர்கள் கூட இதைத் தள்ளி வைத்தார்கள்.

அந்தப் பயத்தைப் போக்குவதற்காக ஒருவர் 40 ஆண்டுகள் பாடுபட்டார்.

அவர் அரசர் அல்ல. படைத்தலைவர் அல்ல. மருந்து கலக்கும் தொழில் செய்தவர்.

அவர் பெயர், அந்துவான் ஒகுஸ்தேன் பர்மாந்தியே.

தந்தையை இழந்த பையன்

பிரான்சின் வடக்கே பிக்கார்டி என்ற பகுதி இருக்கிறது. அங்கே மோந்திதியே என்ற சிற்றூரில், 1737-ம் ஆண்டு ஆகஸ்ட் 12-ந் தேதி பர்மாந்தியே பிறந்தார்.

தந்தை, துணி வியாபாரி. பையன் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். குடும்பம் நொடித்துப் போனது.

தாயார் கெட்டிக்காரர். பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வசதி இல்லாவிட்டாலும், மகனுக்குத் தாமே எழுத்தும் படிப்பும் சொல்லிக் கொடுத்தார். ஊர்ப் பாதிரியார் ஒருவர் லத்தீன் மொழி கற்பித்தார். மருந்துகளின் பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்தில் லத்தீனில்தான் இருந்தன. அதனால் பையனை ஒரு மருந்துக் கடையில் வேலை பழகச் சேர்த்தார்கள்.

18 வயதில் அவர் பாரிஸ் நகரத்துக்குப் போனார். அங்கேயும் மருந்துக் கடையில்தான் வேலை.

அந்தச் சமயம் ஐரோப்பாவில் பெரிய யுத்தம் மூண்டது. ஏழாண்டுப் போர் என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் பிரான்சும் அதன் நேச நாடுகளும். மறு பக்கம் பிரஷ்யாவும் இங்கிலாந்தும்.

1757-ல் பர்மாந்தியே பட்டாளத்தில் சேர்ந்தார். துப்பாக்கி பிடிக்க அல்ல, காயம் பட்டவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மருந்து தயாரிக்க. அப்போது அவருக்கு வயது 20.

சிறையில் கிடைத்த சாப்பாடு

ஜெர்மனி மண்ணில் போர் நடந்தது. படையில் நோய் பரவியது. பர்மாந்தியே இரவு பகல் பாராமல் வேலை செய்தார். மேல் அதிகாரிகள் அவரை மெச்சினார்கள்.

ஆனால் எதிரிகள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு முறை அல்ல. போர் முடிவதற்குள் ஐந்து முறை அவர் சிறைப்பட்டதாகச் சொல்வார்கள்.

சிறையில் தினமும் ஒரே சாப்பாடு. அதுதான் உருளைக்கிழங்கு!

பிரான்சில் பன்றிக்குப் போடும் பொருளைக் கைதிக்குப் போடுகிறார்களே என்று மற்றவர்கள் நொந்தார்கள். பர்மாந்தியே சாப்பிட்டார். வாரம் போனது. மாதம் போனது. தொழுநோய் வரவில்லை. காய்ச்சலும் வரவில்லை. உடம்பு திடமாகவே இருந்தது.

இந்தக் கிழங்கில் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் அவர் மனதில் விழுந்தது.

உருளைக்கிழங்கின் பிறந்தகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. ஸ்பெயின் நாட்டவர் 16-ம் நூற்றாண்டில் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிரஷ்ய அரசர் பிரெடரிக் 1756-லேயே இதைப் பயிரிடும்படி உத்தரவு போட்டிருந்தார். பிரான்சிலும் சில பகுதிகளில் விவசாயிகள் பயிரிட்டு வந்தார்கள். ஆனால் பாரிஸ் நகரமும், படித்தவர்களும் அதைச் சாப்பாடாக மதிக்கவில்லை.

பர்மாந்தியே ஜெர்மனியில் இருந்தபோது, பிராங்பர்ட் நகரத்தில் மேயர் என்ற ரசாயன நிபுணரிடம் பாடம் கற்றார். ஒரு பொருளை நாக்கில் வைத்து நல்லது கெட்டது சொல்வது வேறு. அதைப் பிரித்துப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு. இந்த இரண்டாவது வித்தையை அவர் அங்கே பழகினார்.

வேலை உண்டு, அதிகாரம் இல்லை

1763-ல் போர் முடிந்தது. பர்மாந்தியே பாரிஸ் திரும்பினார். புகழ் பெற்ற பேராசிரியர்களின் சொற்பொழிவுகளைத் தேடிப் போய்க் கேட்டார். ரசாயனமும் தாவர சாஸ்திரமும் படித்தார்.

பாரிசில் இன்வாலிட் என்ற பெரிய மாளிகை உண்டு. போரில் கை கால் இழந்தவர்களும், வயதான சிப்பாய்களும் தங்குவதற்காக 14-ம் லூயி மன்னர் கட்டியது. 1766-ல் அங்கே பர்மாந்தியேவுக்கு வேலை கிடைத்தது.

ஆறு ஆண்டுகள் உழைத்தார். 1772-ல் தலைமை மருந்தாளர் ஆனார்.

உடனே சங்கடம் வந்தது.

அந்த மாளிகையின் மருந்து அறையைக் கன்னிகாஸ்திரீகள் நெடுங்காலமாக நடத்தி வந்தார்கள். தங்களுக்கு மேல் ஒருவர் வருவதா என்று அவர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் அரசர் வரை போனது.

முடிவு விசித்திரமாக இருந்தது. பர்மாந்தியே அங்கேயே குடியிருக்கலாம், சம்பளமும் வாங்கலாம், ஆனால் மருந்து அறையில் அவருக்கு அதிகாரம் கிடையாது!

வேறு ஒருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார். அல்லது சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருப்பார். பர்மாந்தியே இரண்டும் செய்யவில்லை. கிடைத்த நேரத்தை எல்லாம் ஆராய்ச்சியில் செலவிட்டார்.

பஞ்சம் கேட்ட கேள்வி

1769, 1770 ஆண்டுகளில் பிரான்சில் விளைச்சல் கெட்டது. கோதுமை விலை ஏறியது. அந்த நாட்டு ஏழைகளுக்கு ரொட்டிதான் உயிர். ரொட்டி இல்லை என்றால் பட்டினி.

பெசன்சோன் என்ற நகரத்து அறிஞர் சபை 1771-ல் ஒரு போட்டி அறிவித்தது. பஞ்ச காலத்தில் வழக்கமான தானியத்துக்குப் பதிலாக மக்கள் எதைச் சாப்பிடலாம்? இதுதான் கேள்வி.

பர்மாந்தியே கட்டுரை எழுதினார். பரிசு அவருக்கே கிடைத்தது.

மற்றவர்கள் இந்தச் செடியைத் தின்னலாம், அந்தச் செடியைத் தின்னலாம் என்று பட்டியல் போடுவார்கள். பர்மாந்தியே அதோடு நிற்கவில்லை. எந்தப் பொருள் நமக்குச் சோறு போடுகிறது என்று கேட்டார். அது மாவுச்சத்து என்று சொன்னார்.

மாவுச்சத்து என்றால் என்ன?

செடி, சூரிய வெளிச்சத்தில் சமையல் செய்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயுவை இலை வழியாக எடுத்துக்கொள்கிறது. வேர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. இரண்டையும் சேர்த்துச் சர்க்கரை செய்கிறது.

சர்க்கரை தண்ணீரில் கரைந்துவிடும். அப்படியே சேமித்து வைப்பது கஷ்டம். அதனால் செடி, பூ தொடுப்பது போலச் சர்க்கரையை ஒன்றோடு ஒன்று கோத்துவிடுகிறது. குளுக்கோஸ் என்ற சர்க்கரை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோக்கப்படுகிறது. இதுவே மாவுச்சத்து. குளிர்ந்த தண்ணீரில் இது கரையாது. சின்னஞ்சிறு மணிகளாகக் கிழங்கிலும் விதையிலும் தங்கிவிடுகிறது.

இந்த மாலையில் இரண்டு வகை உண்டு. கிளை இல்லாமல் நீளமாகப் போவது ஒன்று. அதற்கு அமிலோஸ் என்று பெயர். மரம் போலக் கிளை விட்டுப் பரவுவது மற்றொன்று. அது அமிலோபெக்டின். உருளைக்கிழங்கு மாவில் அமிலோஸ் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் அமிலோபெக்டின்.

செடி இதைச் சேமிப்பது நமக்காக அல்ல. அடுத்த பருவத்தில் முளை விடும்போது, இலை வரும் வரை பசியாற வேண்டுமே, அதற்காக!

பர்மாந்தியே காலத்தில் இந்த விவரம் எல்லாம் தெரியாது. ஆனால் மாவைப் பிரிக்கத் தெரியும்.

கிழங்கைத் துருவினார். தண்ணீர் விட்டுக் கலக்கினார். துணியில் வடிகட்டினார். வடித்த நீரை அசையாமல் வைத்தார். அடியில் வெள்ளை வெளேர் என்று மாவு படிந்தது. மேல் நீரைக் கொட்டிவிட்டு மாவை உலர்த்தினார். மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசிக்கு மாவு எடுப்பதும் இதே முறைதான்.

காட்டில் வளரும் கசப்புக் கொட்டைகள், விஷக் கிழங்குகள் ஆகியவற்றிலும் இதைச் செய்து பார்த்தார். கசப்பும் விஷமும் தண்ணீரோடு போயின. அடியில் தங்கிய மாவு, கோதுமை மாவுச்சத்தைப் போலவே இருந்தது. எந்தச் செடியில் இருந்தாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான் என்று அவர் கண்டார். (விஷக் கிழங்கில் மாவு எடுப்பது கைதேர்ந்தவர்கள் செய்யும் வேலை. வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.)

இத்தனையிலும் சிறந்தது எது? உருளைக்கிழங்கு என்பதே அவர் தீர்ப்பு. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து.

1773-ல் உருளைக்கிழங்கின் ரசாயனம் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார். அதே காலத்தில், பாரிஸ் மருத்துவக் கல்வி சபையும் இந்தக் கிழங்கால் தீங்கு இல்லை என்று சொல்லிவிட்டது.

ரொட்டியில் தோல்வி

அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

ரொட்டி தின்று பழகியவர்களுக்கு ரொட்டியாகவே கொடுத்தால் என்ன என்று பர்மாந்தியே யோசித்தார். உருளைக்கிழங்கு மாவையும், வேகவைத்து மசித்த கிழங்கையும் சேர்த்துப் பிசைந்தார். கோதுமை கலக்காமல் ரொட்டி சுட்டார். 1779-ல் அந்தச் செய்முறையை வெளியிட்டார்.

ஆனால் அது வீடுகளில் பரவவில்லை. காரணம் என்ன?

கோதுமையில் மாவுச்சத்தோடு இன்னொரு பொருளும் இருக்கிறது. அதுதான் குளூட்டன். ரப்பர் போல இழுபடும். மாவு புளிக்கும்போது வரும் வாயுவை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ரொட்டி உப்பும். உருளைக்கிழங்கில் குளூட்டன் கிடையாது. கிழங்கைத் துருவி, கரைத்து, உலர்த்தி ரொட்டி ஆக்கும் சிரமமும் அதிகம். வேகவைத்து உப்புப் போட்டுத் தின்பது அதைவிட எளிது!

இன்னொரு விஷயமும் உண்டு. உணவின் சக்தி எல்லாம் மாவுச்சத்தில்தான் என்று பர்மாந்தியே நினைத்தார். குளூட்டனை அவர் பெரிதாக மதிக்கவில்லை. குளூட்டன் என்பது புரதம் என்றும், உடம்பு வளரப் புரதமும் வேண்டும் என்றும் 19-ம் நூற்றாண்டில் விஞ்ஞானிகள் தெளிவுபடுத்தினார்கள்.

ரொட்டி மீது அவர் கொண்ட அக்கறை வீணாகவில்லை. நல்ல ரொட்டி சுடுவது பற்றி 1778-ல் பெரிய நூல் எழுதினார். நண்பர் கதே த வோ என்பவருடன் சேர்ந்து, 1780-ல் பாரிசில் ரொட்டிக்காரர்களுக்கு இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

அரசர் சட்டையில் கிழங்குப் பூ

புத்தகம் படிக்காதவர்களை எப்படி மாற்றுவது? பெரிய மனிதர்கள் செய்வதை ஊர் பார்த்துச் செய்யும் என்பது பர்மாந்தியேவுக்குத் தெரியும்.

பெரிய மனிதர்களுக்கு விருந்து வைத்தார். எல்லாப் பதார்த்தமும் உருளைக்கிழங்கு! அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினும், ரசாயன மேதை லவாய்சியரும் அவர் விருந்தில் கலந்துகொண்டதாகச் சொல்வார்கள்.

அப்போது பிரான்சை ஆண்டவர் 16-ம் லூயி. பாரிசுக்கு அருகே சாப்லோன் என்ற மணல் மைதானம் இருந்தது. பட்டாளம் அணிவகுக்கும் இடம். புல் கூடச் சரியாக முளைக்காது. 1786-ல் அங்கே 40 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பர்மாந்தியேவுக்குக் கிடைத்தது.

ஊர் சிரித்தது. மணலில் பயிரா என்றது.

செடி முளைத்தது. இலை விட்டது. பூவும் பூத்தது!

ஆகஸ்டு மாதத்தில் அரசரின் பெயர் நாள் விழா வரும். பர்மாந்தியே உருளைக்கிழங்குப் பூக்களைச் செண்டாகக் கட்டி அரசரிடம் கொடுத்தார். அரசர் ஒரு பூவைத் தம் சட்டையில் செருகிக்கொண்டார். ராணி மேரி அன்டாயினெட் தலையில் சூடிக்கொண்டார். மறுநாளே பிரபுக்களுக்கு அந்தப் பூ வேண்டியதாகிவிட்டது!

அந்த வயலைப் பற்றி ஒரு கதை உலகம் முழுவதும் வழங்குகிறது. பகலில் சிப்பாய்கள் வயலைக் காவல் காத்தார்களாம். இவ்வளவு காவல் என்றால் உள்ளே விலை உயர்ந்த பொருள் இருக்க வேண்டும் என்று மக்கள் நினைத்தார்களாம். இரவில் காவலை வேண்டும் என்றே எடுத்துவிடுவாராம் பர்மாந்தியே. மக்கள் இருட்டில் வந்து திருடிப் போய்த் தங்கள் கொல்லையில் நட்டார்களாம். இது பிற்காலத்தில் மெருகேறிய கதையாக இருக்கலாம். ஆனால் அவருடைய குணத்துக்குப் பொருத்தமான கதை.

புரட்சி வந்தது

1788-ல் மறுபடியும் விளைச்சல் கெட்டது. ஆலங்கட்டி மழை பயிர்களை நாசம் செய்தது. 1789-ல் ரொட்டி விலை விஷமாக ஏறியது. ஜூலை 14-ந் தேதி மக்கள் பாஸ்டில் சிறையைத் தகர்த்தார்கள். பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது.

அதே ஆண்டில் பர்மாந்தியே மற்றொரு நூல் வெளியிட்டார். உருளைக்கிழங்கு, சக்கரைவள்ளிக்கிழங்கு, தோப்பினம்பூர் ஆகிய மூன்றையும் பற்றியது. தோப்பினம்பூர் என்பது சூரியகாந்திக்கு உறவான செடியின் கிழங்கு.

அந்த மூன்றாவது கிழங்கில் ஒரு வேடிக்கை உண்டு. அது சேமிப்பது மாவுச்சத்து அல்ல. இனுலின் என்ற வேறு பொருள். பழச் சர்க்கரையைக் கோத்த மாலை அது. ஜெர்மானியரான வாலன்டின் ரோஸ் என்பவர் 1804-ல் வேறொரு செடியின் வேரில் அதைக் கண்டார். நம் வயிற்றால் இனுலினைச் செரிக்க முடியாது. குடலில் உள்ள கிருமிகள்தான் அதைத் தின்னும். அதனால்தான் அந்தக் கிழங்கு வாயுவை உண்டாக்குகிறது!

புரட்சிக்காரர்கள் 1793-ல் அரசரையும் ராணியையும் கொன்றார்கள். அரண்மனையில் பூச்செண்டு கொடுத்தவரைச் சும்மா விடுவார்களா? பர்மாந்தியே மீதும் சந்தேகம் விழுந்தது. கொஞ்ச காலம் அவர் ஒதுங்கியிருக்க நேர்ந்தது.

ஆனால் பசி அவரை மறக்க விடவில்லை. புரட்சி சர்க்காருக்கும் மக்களுக்குச் சோறு போட்டாக வேண்டுமே! அரசர்கள் உலாவிய துய்லெரி பூந்தோட்டத்திலேயே உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். உருளைக்கிழங்குச் சமையலை மட்டும் சொல்லும் புத்தகமும் அச்சாகி வந்தது.

பர்மாந்தியேவுக்குப் பட்டாள மருந்து இலாகாவில் பொறுப்பு கிடைத்தது. 1795-ல் தேசிய அறிஞர் கழகத்தில் இடம் பெற்றார். 1796 முதல் இறக்கும் வரை, படைகளின் சுகாதார இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்தார். அம்மை குத்தும் முறையைப் பரப்புவதிலும் முன்னின்றார்.

மாவிலிருந்து சர்க்கரை

நெப்போலியன் காலத்தில் வேறு பஞ்சம் வந்தது. அது சர்க்கரைப் பஞ்சம்.

இங்கிலாந்தும் பிரான்சும் கடல் வழி வியாபாரத்தை ஒன்றுக்கொன்று தடுத்தன. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புச் சர்க்கரை பிரான்சுக்கு வருவது நின்றது.

பர்மாந்தியேவுக்கு அப்போது வயது 70. திராட்சைப் பழத்தைக் காய்ச்சிப் பாகு எடுக்கும்படி ஊர் ஊராக யோசனை சொன்னார். அதற்கும் புத்தகம் எழுதினார்.

1811-ல் ரஷ்யாவிலிருந்து ஓர் ஆச்சரியமான செய்தி வந்தது. கிர்ச்சோப் என்ற ரசாயன நிபுணர், மாவுச்சத்தில் கொஞ்சம் கந்தகத் திராவகம் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தார். அது சர்க்கரைப் பாகாக மாறிவிட்டது! திராவகம் மாலையை அறுத்தது. மணி மணியாகச் சர்க்கரை உதிர்ந்தது. இன்று மிட்டாய்க்கும் மருந்துக்கும் குளுக்கோஸ் பாகு மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறார்கள். திராவகத்துக்குப் பதிலாக என்சைம்கள் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கின்றன.

நம் வாயிலும் இதே காரியம் நடக்கிறது. ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள். மெல்ல இனிக்கும். எச்சில், மாவுச்சத்தை அறுப்பதால் வரும் இனிப்பு அது.

கடைசி நாட்கள்

பர்மாந்தியே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடன்பிறந்த சகோதரிதான் வீட்டைக் கவனித்துக்கொண்டார். சகோதரி முந்திக்கொண்டு காலமானார். அதன் பிறகு அவர் உடம்பு தளர்ந்தது. மார்பு நோய் வந்தது.

1813-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி, 76-வது வயதில், பாரிசில் அவர் உயிர் பிரிந்தது.

அடுத்த ஆண்டே, 1814-ல், மாவுச்சத்தின் மீது அயோடின் பட்டால் நீல நிறமாகும் என்று பிரெஞ்சு ரசாயன நிபுணர்கள் கண்டார்கள். இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூடச் செய்யும் சோதனை அது. வாழ்நாள் எல்லாம் மாவுச்சத்தைத் தேடியவர், அந்த நீல நிறத்தைப் பார்க்கவில்லை.

பாரிசில் ஒரு சுரங்க ரயில் நிலையத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். கொத்திய இறைச்சியின் மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுடும் பலகாரத்துக்கும் அவர் பெயர்தான்.

பெர் லாஷேஸ் என்ற கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் பூமாலை மட்டும் வைப்பதில்லை. பையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து, சமாதிக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.